நஜ்முன்னிசாவின் குரல்

இது கட்டிவிட்ட கதை இல்லை. மதுரை கோரிப்பாளையத்தில் நடந்தது. யாருக்கு நடந்ததோ, அந்த அம்மாள் பல வருஷம் கழித்துத் தன் வீட்டு மனிதர்களிடம் சொல்லி, அவர்கள் வழியாக என் காதுக்கு வந்தது. நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் தனியாக இருக்கும் மத்தியான நேரத்தில் இதைப் படிக்காதீர்கள். பேய்க்கு ராத்திரி வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதில் ராத்திரியே வராது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது.

1934-ஆம் வருஷம். சிஹாபுதீன் என்று சொன்னால் மதுரைப் பெண்களுக்குத் தெரியாது. 'மருக்கொழுந்து' என்றால் தெரியும். அந்தப் புனைபெயரில்தான் அவருடைய காதல் நாவல்கள் வந்தன. அட்டையில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். அரிசிப் பானைக்குள்ளும் தலையணை உறைக்குள்ளும் ஒளித்து வைத்துப் படித்தார்கள். காதலர் பிரியும் அத்தியாயத்தில் முந்தானை நனையாத பெண் கிடையாது என்பார்கள்.

அந்த நாவல்களில் ஒரு வரியைக்கூட அவர் தன் கையால் எழுதியதில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கண் மங்கல். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டாலும் கைக்கு எட்டுகிற தூரம் வரைதான் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் புகை. அதனால் அவர் சொல்வார். மனைவி நஜ்முன்னிசா எழுதுவாள்.

மத்தியானத் தொழுகை முடிந்து வந்ததும் மாடி அறை ஜன்னலைச் சாத்துவார். மணிக்கட்டில் ஒரு பொட்டு அத்தர் தடவிக்கொள்வார். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவருக்குச் சுவர் நடப்பார். உட்கார்ந்தால் அவருக்குக் கதை வராது. நஜ்முன்னிசா பாயில் உட்கார்ந்து எழுதுவாள். பொழுது சாயும் நேரத்துத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை பேனா நிற்காது. கதாநாயகன் அழவேண்டிய இடத்தில் அவரும் அழுவார். நிஜமாகவே கண்ணீர் வரும்.

ஆனால் ஒன்று அவருக்கு வரவே வராது. பெண் பேச்சு. கதாநாயகி வாய் திறக்கவேண்டிய இடம் வந்தால் நடை நின்றுவிடும்.

"இப்ப அவ என்ன சொல்லுவா நஜ்மா?"

நஜ்முன்னிசா பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசிப்பாள். பிறகு சொல்வாள். "அம்புட்டுத்தான்! அதேதான்!" என்று அவர் மறுபடி நடக்க ஆரம்பிப்பார். ஊரே உருகிப் படித்த கதாநாயகிகள் அத்தனை பேரும் பேசியது அவள் பேச்சு. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை பேர் வைக்கும் முன்பே போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த மத்தியான நேரம்தான் அந்த வீட்டில் இருந்த ஒரே சந்தோஷம்.

சித்திரை மாதம் ஒருநாள். வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்தது. கீழே சேக் இஸ்மாயிலின் தையல் கடையில் மிஷின் சத்தம்கூட இல்லை. புது நாவல் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கதாநாயகன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறப் புறப்பட்டுவிட்டான். கதாநாயகி கமலவேணி வாசலில் நிற்கிறாள். அவர் நடையை நிறுத்தினார்.

"இப்ப அவ என்ன சொல்லுவா நஜ்மா?"

நஜ்முன்னிசா யோசித்தாள். இன்னும் வாய் திறக்கவில்லை.

"போறேன்னு சொல்லாதீங்க. வாரேன்னு சொல்லுங்க."

ஜன்னல் பக்கமிருந்து வந்தது. தெளிவாக வந்தது.

"அடி சபாஷ்! எழுது, எழுது!" என்றார் அவர்.

அவளுக்குக் கை ஓடவில்லை. அது அவள் குரல். தொண்டையில் இருக்கும் அந்த லேசான கரகரப்பு, சொல்லின் கடைசியை இழுக்கும் இழுப்பு, எல்லாம் அவளுடையது. ஆனால் அவள் உதடு பிரியவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே ஆள் நிற்க இடமில்லை. தரை வரைக்கும் வெறும் சுவர்.

"நான் பேசலீங்க."

"பேசாமத்தான் என் காதுல விழுந்துச்சாக்கும்?" என்று அவர் சிரித்தார்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அவள் யோசித்து முடிப்பதற்குள் ஜன்னல் பக்கமிருந்து பதில் வந்துவிடும். ஒருநாள் அவள் எழுந்து போய் அவர் கையை எடுத்துத் தன் வாயின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். "இப்பக் கேளுங்க" என்று கண்ணைக் காட்டினாள். அவர் கேட்டார்.

பதில் வந்தது.

அவர் உள்ளங்கைக்குக் கீழே அவள் உதடு அசையவில்லை. அவருக்கு அது தெரிந்தது. பிறகு அவர் சொன்னதைத்தான் நஜ்முன்னிசாவால் சாகும்வரை மறக்க முடியவில்லை.

"நல்லா இருக்கு நஜ்மா... உன்னையவிட நல்லாச் சொல்லுது."

அன்றிலிருந்து அவர் அவளைக் கேட்பதில்லை. ஜன்னலைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் அழுதாள். வேண்டாம் என்று காலைப் பிடித்தாள். "இந்த நாவல் முடியட்டும் புள்ள. முடிஞ்சதும் வீட்டையே மாத்திருவோம்" என்றார். தர்காவில் ஓதிய தண்ணீரைக் கொண்டுவந்து அறை முழுக்கத் தெளித்தாள். இரண்டு நாள் குரல் வரவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் சோற்றைத் தொடவில்லை. தாயைக் காணாத பிள்ளைபோல ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தே அறியாத மனிதர்.

மூன்றாம் நாள் அது திரும்ப வந்தபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, நஜ்முன்னிசா எழுதும் பலகையைத் தள்ளி வைத்தாள். இனிமேல் எழுதமாட்டேன் என்றாள். பரவாயில்லை என்றார் அவர். எழுதவே வேண்டாம், பேசினால் போதும் என்றார்.

பிறகு குரல் கதைப் பேச்சு மட்டும் பேசவில்லை. "தண்ணி வேணுமா?" என்றது. "ஏன் மெலிஞ்சுட்டீங்க?" என்றது. நஜ்முன்னிசா அடுப்படியிலிருந்து "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால், அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். எது எந்தக் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை விட்டாள். சொந்த வீட்டில், சொந்தப் புருஷனை, கை தட்டிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

யாரிடம் போய் இதைச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்?

ஐப்பசி வந்தது. மேற்கே நல்ல மழை. வைகையில் வெள்ளம் இறங்கிவிட்டது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஆறு. நாள் முழுக்க அந்த இரைச்சல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வானம் இருண்டு தூறிக்கொண்டிருந்தது. தெருவில் ஆண்கள் எல்லாரும் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். இஸ்மாயில் கடையும் சாத்திக் கிடந்தது. சிஹாபுதீன் மட்டும் போகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் ஜும்மாவை விட்டு அவள் பார்த்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் காது கொடுத்து நின்றிருந்தார்.

ஜன்னலில் சத்தம் இல்லை.

மாடிப்படியில் கேட்டது.

"வாங்க..."

"இந்தா வாரேன் நஜ்மா" என்றார் அவர்.

நஜ்முன்னிசா அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் இங்க இருக்கேங்க! இந்தா... உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்!"

அவர் திரும்பி அவள் முகத்தைத் தடவிப் பார்த்தார். நெற்றி, மூக்கு, கன்னம். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கோபமாக இல்லை, மெதுவாக. பிறகு படி இறங்கினார்.

வெள்ளைத் துப்பட்டி போடாமல் வாசலைத் தாண்டியே அறியாதவள் அவள். அன்று வெறுங்காலோடு, தலை விரிய, தெருவில் ஓடினாள். மங்கல் கண்ணோடு தட்டுத் தடுமாறி நடக்கும் மனிதர், அன்று எதிலும் இடிக்கவில்லை. யாரோ கைப்பிடித்துக் கூட்டிப்போவது போலப் போனார். அவள் எட்டிப் பிடிக்கும் முன் கரை வந்துவிட்டது.

அவர் இறங்கிவிட்டார். முழங்கால் வரை தண்ணீர்.

"அங்கிட்டுப் போகாதீங்க! இங்கிட்டு வாங்க! இங்கிட்டு!"

அவர் நின்றார். பாதி திரும்பினார்.

"இங்கிட்டு வாங்க... இங்கிட்டு..."

ஆற்றின் நடுவிலிருந்து.

அதே குரல்... அதே பதற்றம்... அதே அழுகை...

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். அவர் கண்ணுக்கு இரண்டு பக்கமும் புகைதான்.

நஜ்முன்னிசா கை தட்டினாள். வீட்டில் தட்டுவதுபோல.

நடு ஆற்றில் கை தட்டும் சத்தம் கேட்டது.

அவளுக்கு ஒன்று தோன்றியது. அந்தக் குழந்தை. பேர் வைக்கும் முன்பே போன குழந்தை. அதற்கு அவர்கள் இரண்டு பேரும் நினைத்து வைத்திருந்த பேர் ஒன்று உண்டு. வேறு எந்த உயிருக்கும் தெரியாது. அதைச் சொன்னால் போதும்.

அவள் மூச்சை இழுத்தாள். வாய் திறந்தாள்.

"ஜமீலா..."

அவள் இன்னும் சொல்லவில்லை.

ஆற்றிலிருந்து வந்தது.

அவர் முகம் தெளிந்தது. சிரித்தார். ஆற்றைப் பார்த்துத் திரும்பினார்.

அவள் வாய் திறந்தபடியே நின்றது. கத்தினால் அந்தக் குரல்தான் வரும். கத்தாவிட்டாலும் அந்தக் குரல்தான் இருக்கும்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

மார்புக்கு...

அப்புறம் வெறும் தண்ணீர்.

அவளும் இறங்கினாள். வெள்ளத்தில் வரும் கட்டைகளைப் பிடிக்க வந்திருந்த காளை என்பவன் கீழ்க்கரையிலிருந்து ஓடிவந்து, அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். சிஹாபுதீனின் உடம்பு வெள்ளம் வடிந்த பிறகு விரகனூர்ப் பக்கம் நாணலில் கிடைத்தது. கண் தெரியாத மனிதர், கால் தவறி விழுந்துவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. நஜ்முன்னிசா மறுத்து எதுவும் சொல்லவில்லை.

புருஷன் இறந்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தாக் காலம் முழுக்க அவள் அந்த மாடியில்தான் இருந்தாள். ஒருநாள்கூட அந்தக் குரல் கேட்கவில்லை. இத்தா முடிந்ததும் மேலூரிலிருந்து அவளைப் பெற்ற அத்தா வண்டியோடு வந்தார். சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது இஸ்மாயில் படியேறி வந்து, கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றார். வயதான மனிதர்.

"போயிட்டு வா தங்கச்சி. இனிமே இந்த வீட்டுல மத்தியானம் பேச்சுச் சத்தமே கேக்காது. எனக்கு அது இல்லாம மிஷினே ஓடாது. உன் குரலை இந்தா, ஏழு வருசமாக் கேக்குறேன்."

"எனக்கு நிக்காஹ் ஆகி அஞ்சு வருசந்தான அண்ணே" என்றாள் திரைக்கு இந்தப் பக்கமிருந்து.

"நிக்காஹ் அப்புறந்தான தங்கச்சி. அதுக்கு முந்தி ரெண்டு வருசம் அவரு இந்த மாடில தனியா இருந்தாருல்ல? அப்பயிருந்தே கேக்குறேனே. 'நஜ்மா, நஜ்மா'ன்னு உன்னையக் கூப்புட்டு ஏதாச்சும் கேப்பாரு. நீ பதில் சொல்லுவ. நான் உன்னைய ஏறி எறங்கிப் பாத்ததில்ல, ஏதோ உறவுக்காரப் பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தப் பிள்ளையவே கட்டிக்கிட்டாருன்னு கேட்டப்ப எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா..."

இஸ்மாயில் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டே படி இறங்கிப் போனார்.

நஜ்முன்னிசாவின் அத்தாவும் சிஹாபுதீனும் முதல் தடவை சந்தித்ததே நிக்காஹ்வுக்கு ஒரு மாசம் முந்தி, மேலூர் சந்தையில்தான். அதுவரை அப்படி ஒரு மனிதர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நிக்காஹ் முடிந்து கூண்டு வண்டியில் ஏறிய அன்றுதான் நஜ்முன்னிசா வாழ்க்கையில் முதல் தடவையாக மேலூரைத் தாண்டினாள்.