ஒடியல் பாயில் வைத்த இசைத்தட்டு

பிள்ளைகளே, நேற்று உங்கள் கைபேசியில் அந்தப் பழைய ஜாஸ் பாடகி பாடத் தொடங்கியதும் நான் ஏன் எழும்பிப் போனேன் என்று கேட்டீர்கள்.

கொழும்பில் இருந்த தன் கடை எரிந்தபின் என் பெரியப்பா புங்குடுதீவுக்குக் கொண்டுவந்தது அந்தப் பாட்டின் இசைத்தட்டை மட்டும்தான். உப்புக்காற்றில் அது பிசுபிசுத்தது. ஒன்பது வயதில் நான் அதைக் கழுவி, பனங்கிழங்கைப் பிளந்து ஒடியலாகக் காயவிடும் பாயில் வெயிலில் வைத்தேன். தட்டு அப்பளம்போல் வளைந்துவிட்டது.

"பாட்டையும் ஒடியல் எண்டு நினைச்சியோடா?" என்று பெரியம்மா குட்டினார்.

"விடுமப்பா. வயது போக இந்தப் பாட்டுக்காரியின்ரை குரலும் உடைஞ்சதுதானே. அப்பவும் பாடித் தட்டுப் போட்டவள்," என்ற பெரியப்பா, அதையே வீட்டிலிருந்த பழைய கிராமபோனில் சுழலவிட்டார். ஊசி துள்ளிய இடங்களைத் தானே பாடி நிரப்பினார்.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் அந்தப் பாட்டைப் போட்டேன். அதே இடங்கள் வந்தபோது சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் பாடினேன்.