மாடனின் பெரென்னியல் சிப்ஸ் கடை

தென்காசியில் மனு டைப் அடித்துக் கொடுப்பவர்கள் பலர். மனுதாரரோடு சண்டை போட்டு டைப் அடிப்பவள் செண்பகவல்லி ஒருத்திதான். எவ்வளவு காலம் என்று சொல்லும் ஆங்கில வார்த்தைகளில் அவளுக்குத் தனிக் கண்டிப்பு. போலீஸ்காரர் வேல்ராஜ் வயிற்றுவலி லீவுக்கு ‘க்ரானிக்’ என்று போடச் சொன்னார். அது தீராத வலி, மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மூன்று நாளைக்குத் திடீர் வலி, ‘அக்யூட்’ போதும் என்று மறுத்துவிட்டாள். இரண்டாம் நாளே வேல்ராஜ் ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆனியில் மாடன் வந்தார். குற்றாலத்தில் வருடந்தோறும் தகரக் கொட்டகை போட்டு, இருபத்தாறு வருடமாக நேந்திரங்காய் சிப்ஸ் வறுப்பவர். பேரூராட்சிக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒரு படிவம் கொடுத்திருந்தார். கடை எப்படிப்பட்டது என்பதை ஆங்கிலத்தில், ஒரே வார்த்தையில் எழுத வேண்டும். வார்த்தை பிசகினால் இடம் போய்விடும்.

‘பெர்மனென்ட்’ என்றால் ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்கள். ‘டெம்பரரி’ என்றால் அடுத்த வருடம் வேறு ஆளுக்கு. ‘சீசனல்’ என்றால், சாரல் பொய்த்த வருடம் கடை கிடையாது.

“அப்ப எவர்சில்வர்னு போடு தாயி. எத்தன வருஷமானாலும் கெடாதுல்லா.”

“அது பாத்திரம் அண்ணாச்சி.”

அரைமணி நேரம் யோசித்து ‘பெரென்னியல்’ என்று அடித்தாள். மேலே காய்ந்து, வேரிலிருந்து வருடந்தோறும் துளிர்க்கிற செடிக்கு அந்தப் பெயர். மாடனின் கொட்டகையே அதுதான்.

மூன்றாம் நாள் அதிகாரி இருவரையும் கூப்பிட்டார். அவர் அந்த வார்த்தையை வற்றாத நதிக்கு மட்டுமே கேள்விப்பட்டவர்.

“அருவியே மூணு மாசந்தான் விழுது. உங்க கடை மட்டும் வருஷம் பூரா விழுதோ?”

இது ஆறு இல்லை, செடி என்று விளக்கினாள். செடி என்றால் வனத்துறைக்குப் போங்கள் என்றார் அவர். பிறகு என்ன நினைத்தாரோ, அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘அண்டில் ஃபர்தர் ஆர்டர்ஸ்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறு உத்தரவு வரும்வரை.

“அது எப்ப வரும் தாயி?” வெளியே வந்ததும் மாடன் கலங்கிப்போய்க் கேட்டார்.

“இந்த ஆபீஸ்லயா? ஒங்க பேரன் வறுக்கும்போது வேணா வரும்.”

மாடனுக்கு உயிர் வந்தது. செண்பகவல்லிக்குத்தான் ஆறவில்லை. ஒற்றை வார்த்தைக் கட்டத்தில் மூன்று வார்த்தை. அதில் ‘ஃபர்தர்’ ஒன்றுதான் பெயரடை, அதுவும் காலத்தைச் சொல்லவில்லை. தன் டைப்பிங் சென்டருக்குத் திரும்பியதும், இது விதிமீறல் என்று அதிகாரிக்கே ஒரு மனு அடிக்க உட்கார்ந்தாள்.

மறு உத்தரவை இவளே வரவழைத்துவிடுவாள் என்று புரிந்த மாடன், கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.