தையலுக்கு விட்ட ஒரு இன்ச்

தையல்காரம்மா எட்டாவதோடு நின்றவள். அதனால்தானோ என்னவோ, பள்ளியில் வாரம் ஒருநாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றாள்.

கணக்கென்றாலே ஓடி ஒளியும் ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணை அவளிடம் ஒப்படைத்தார்கள். இந்தப் பரீட்சையிலும் கோட்டைவிட்டால் படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். தையல்காரம்மா டேப்பையும் துணியையும் வைத்தே நீளம், அகலம், சுற்றளவு எல்லாம் புரியவைத்தாள்.

விடைத்தாள் வந்தது. ஐம்பதுக்கு நான்கு.

"ஏண்டி, எல்லா விடையிலயும் ஒண்ணு கூடுதலா வச்சிருக்கே?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க, எந்த அளவுன்னாலும் தையலுக்கு ஒரு இன்ச் கூடுதலா விடணும்னு?"

தையல்காரம்மாவுக்கு உயிரே போய்விட்டது. கணக்கு வாத்தியாரிடம் ஓடினாள்.

"தப்பு என்னோடது சார். ஒண்ணைக் கழிச்சுப் பாருங்க, அத்தனையும் சரி!"

"இது கணக்குப் பரீட்சையா, சட்டை அளவா? மார்க்கெல்லாம் ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சும்மா."

"அப்ப அவ அப்பாகிட்டயாவது வந்து சொல்லுங்க. நான் சொன்னா அந்த மனுஷன் நம்பமாட்டாரு. நாளைக்கே மில்லுக்கு அனுப்பிடுவாரு சார்."

வாத்தியார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார். வருகிறேன் என்று அவர் வாயால் சொல்லாமல் நகர்வதில்லை என்று, அவள் இரண்டு கையாலும் வாசலை மறித்து நின்றாள்.