பொத்துவிலில் நடந்த இரண்டாம் சுற்றுப் பேச்சு

காலை 7.20, கல்முனை.

பொத்துவில் பஸ் புறப்படும்போது சாரதியின் தலைக்கு மேலிருந்த வானொலியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. இரண்டு வல்லரசுகளின் பிரதிநிதிகள், மூன்றாவதொரு நாட்டின் ஹோட்டலில், வளைகுடா நீரிணையின் கடற்பாதுகாப்புப் பற்றி இரண்டாவது நாளாகப் பேசுகிறார்களாம். முதல் நாள் முழுவதும், எந்த விடயத்தை முதலில் பேசுவது என்பதைப் பேசியிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் பிரதேச செயலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதியவனுக்கு இதில் வியப்பில்லை. நிகழ்ச்சி நிரலை ஏற்றுக்கொண்டதையே சாதனையாக அறிவித்த கூட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் அன்று பேச்சுவார்த்தை இருந்தது. என் தங்கை மகன் அஸ்லம் சரக்குக் கப்பலொன்றில் மூன்றாம் பொறியியலாளன். அந்தக் கப்பல் நீரிணைக்கு உள்ளே நாற்பது நாளாக நங்கூரமிட்டு நின்றது. இரு வல்லரசுகளும் இணங்கினால்தான் அது வெளியே வரலாம். பொத்துவிலில் அவனுக்கு நிச்சயித்த கல்யாணத்துக்கோ பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பெண்ணின் வாப்பா ஆதம்லெவ்வை ஹாஜியார் முதல் நாள் மாலை என் தங்கைக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். "மாப்பிள்ளை வாறதெண்டா வரட்டும். இல்லாட்டி நாளைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. எங்களுக்கும் வேற இடமிரிக்கி."

அஸ்லமுக்கு வாப்பா இல்லை. ஆகவே முழு அதிகாரம் பெற்ற தூதராக நான் பஸ் ஏறினேன். சுமார் எழுபது கிலோமீற்றர், இருநூற்றெண்பது ரூபா. மடியில் ஒரு கோப்பு. மாப்பிள்ளை நேரில் வர முடியாவிட்டால் அவனுக்குப் பதிலாக வகீல் ஒருவர் நின்று நிக்காஹை ஏற்கலாம், மார்க்கத்தில் இடமுண்டு. அதற்கான அதிகாரப் பத்திரத்தை நானே தயாரித்து, அஸ்லமுக்கு அனுப்பி, ஒப்பம் வாங்கியிருந்தேன். சாட்சிகள், கப்பலின் இந்தோனேசியச் சமையல்காரரும் ஒரு பங்களாதேஷ் மாலுமியும். நான்கு பிரதிகள். மாப்பிள்ளையின் ஒப்பமில்லாமல் பதிவேட்டை என்ன செய்வது என்பது பதிவுகாரரும் நானும் பிறகு கதைக்க வேண்டிய தனிக் கதை.

8.35, அக்கரைப்பற்று.

நிந்தவூர் வயல்களைக் கடந்து, ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை எல்லாவற்றிலும் நின்று நின்று வந்து சேர்ந்தோம். இங்கே ஏறியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் அலைச்சறுக்குப் பலகையோடு வந்த வெள்ளைக்கார இளைஞர். பலகைக்கும் ஒரு டிக்கட் எழுதினார் நடத்துநர். மற்றவர் விநாயகபுரத்து மீன் வியாபாரி தவராசா. மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் இரண்டு வெற்று ரெஜிபோம் பெட்டிகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தார்.

"சேர், இவங்க கதைச்சு முடிப்பாங்களா?" வானொலியைக் கண்ணால் காட்டினார். "அவங்க முறைச்சாப் போதும், எங்கட போட்டுக்கு எண்ணெய் விலை ஏறுது."

"முடிப்பார்கள். கொஞ்சம் நாள் எடுக்கும்."

"எங்கட கரையிலயும் ரெண்டு சங்கம் சேர். வலை போடுற இடத்துக்குச் சண்டை. கதைச்சுத் தீர்ப்பம் எண்டு கூப்பிட்டா, ஆர் எந்தக் கதிரையில இரிக்கிற எண்டு மறுகா ஒரு சண்டை. கடைசில கதிரை எல்லாத்தையும் தூக்கிற்று மண்ணில இருத்தினம்."

"தீர்ந்ததா?"

"எங்க? மண்ணில இருந்து சண்டை பிடிச்சாங்க."

விநாயகபுரத்தில் இறங்கும்போது, "உங்கட பயணம் என்ன விசயமா சேர்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். "அப்ப உங்கட கூட்டந்தான் கஸ்டம்."

10.05, பொத்துவில்.

முச்சக்கர வண்டிக்கு இருநூறு ரூபா. ஹாஜியாரின் வளவில் இரண்டு வீடுகள். ஒன்று அவருடையது. மற்றது மகளுக்காகக் கட்டியது. பெயின்ட் வாசம் போகவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆகவே பேச்சு தொடங்கும் முன்பே எதிர்த் தரப்பின் நிலை பலமாக இருந்தது. ஆள்புலம் முழுவதும் அவர்கள் கையில்.

ஹாஜியார் அறுகம்பேயில் ஆறு அறை விடுதி நடத்துகிறவர். சுற்றி வளைக்கத் தெரியாது. "சேர், கார்ட் குடுத்தாச்சி. மூத்த மகன் கட்டாரிலிருந்து இதுக்கெண்டே லீவில வந்திரிக்கான். கலியாணத்துக்கு ரெண்டாம் நாள் அவன் போகணும். திகதிய மாத்த ஏலா."

கோப்பைத் திறந்தேன்.

"வகீலா? ஆரு?"

"நான்தான்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "உங்களுக்கு எத்தின வயசு?"

"அறுபத்தேழு."

"யா அல்லாஹ்."

"நான் மாப்பிள்ளை இல்லை ஹாஜியார். அவன்ட வாய் மட்டும்தான்."

அதன் பிறகு வேகமாகப் போனது. திகதி மாறாது, வகீல் மூலம் நிக்காஹ், ஆறு மாதத்துக்குள் மாப்பிள்ளை வந்துசேர வேண்டும். பகல் 12.30க்கு எல்லாம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து அவரது கைத்தொலைபேசிக்கு வல்லரசுகளின் கூட்டறிக்கை வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். கலந்துரையாடல் வெளிப்படையாகவும் பயனுள்ளதாகவும் அமைந்தது. இரு தரப்பும் மீண்டும் சந்திக்க இணங்கின.

"அப்ப ஒண்டும் நடக்கல்ல" என்றார் ஹாஜியார்.

நான் விளக்கினேன். 'வெளிப்படையாக' என்றால் ஏசிக்கொண்டார்கள். 'பயனுள்ளதாக' என்றால் ஒருவரும் எழுந்து போகவில்லை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாங்க செய்தது நல்லம்." எனக்கும் அப்படித்தான் பட்டது. வல்லரசுகளுக்கு இரண்டு நாள் போதவில்லை. எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

1.55.

பாடசாலை விட்டு ஸ்கூட்டியில் வந்திறங்கினாள் மணப்பெண் ஷிபானா. புவியியல் ஆசிரியை. ஸலாம் சொல்லிவிட்டு, ஒரு கதிரையை இழுத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன முடிவு மாமா?"

வாப்பாதான் சொன்னார். அவள் பத்திரத்தை வாங்கி, ஆரம்பம் முதல் சாட்சிகளின் ஒப்பம் வரை வாசித்தாள். இதுவரை அதை முழுதாக வாசித்தவர்கள் நானும் அவளும்தான்.

"இதில என்ட பேர் எங்க மாமா?"

"மூன்றாம் பந்தியில் இருக்கு மகள்."

"மூண்டாம் பந்தியில 'மேற்படி பெண்' எண்டுதான் கிடக்கு."

நான் பேனையை எடுத்து, திருத்த இடம் தேடினேன்.

"எனக்கு அவர் நிக்காஹ ஏத்துக் கபூல் சொல்றத அவர்ர வாயால கேக்கணும். உங்கட குரலும் நல்ல குரல்தான் மாமா. ஆனா வேணாம்."

"சும்மா இரி புள்ள" என்றார் ஹாஜியார். "அதெல்லாம் கதைச்சு முடிஞ்சி."

அவள் என் பக்கமே திரும்பியிருந்தாள். "மாமா, உங்களுக்கு எல்லாச் சட்டமும் தெரியும். நிக்காஹ்க்கு முந்தி வாப்பா வந்து என்னட்டச் சம்மதம் கேக்கணுமா, இல்லையா?"

"ஓம். கேட்கவேணும்."

"கேக்காமச் செய்தா?"

ஹாஜியாரைப் பார்த்தேன். ஒப்பந்தம் செய்து ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆனால் நடைமுறை நடைமுறைதான். "செல்லாது."

"கேக்கிற நேரம் பொண்ணு ஒண்டும் பேசாம இரிந்தா, சம்மதம் எண்டு எடுப்பாங்க. என்ன?"

"வழக்கம் அப்படித்தான்."

"அண்டைக்கு நான் பேசுவன்."

உள்ளே சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. பிறகு அவளுடைய உம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஷிபானா கைத்தொலைபேசியை எங்கள் முன் வைத்தாள். நீலக் கடலில் சின்னச் சின்ன அம்புக்குறிகள். கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் செயலி அது. "இதுதான் அவர்ர கப்பல். நாப்பது நாளா அசையல்ல. இண்டைக்குக் காலமெ ஆறு மணியிலிருந்து ஓடுது. முன்னுக்கு ரெண்டு கப்பல், பின்னுக்கு ஒண்டு. நீரிணையத் தாண்டிற்று."

கூட்டறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. அறிக்கைகளின் இலட்சணம் எனக்குத் தெரியும். நடந்ததை எழுதினால் யார் விட்டுக்கொடுத்தது என்று கேள்வி வரும். "ஹாஜியார்," என்றேன், "மீண்டும் சந்திக்க இணங்கினால், அதுவரை ஒருத்தரும் சுடமாட்டார்கள். அறிக்கை இப்போதுதான் வந்தது, இணக்கம் இரவே வந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் கப்பலை விட்டிருக்கிறார்கள்."

"அடுத்த துறை மும்பாய்" என்றாள் அவள். "போய்ச்சேர அஞ்சாறு நாள். மறுகா சாமான் இறக்கி, மாத்து ஆள் வந்து பொறுப்பெடுத்து, இவர் இறங்க ஒரு மாசம். ஒரு மாசம் தள்ளி வைங்க வாப்பா."

"உன்ட காக்கா கட்டாருக்குப் போயிருவானே புள்ள. அவன் இல்லாமயா?"

அவள் கதிரையை வாப்பா பக்கம் திருப்பினாள். பிறகு சொன்னாள்: "நேத்து காக்காட்டக் கதைச்சன். கவலைதான். ஆனா பாக்கிற ஆள் வீடியோவில இரிக்கலாம் வாப்பா. மாப்பிள்ளை இரிக்க ஏலா."

"சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கிற சனத்துக்கு வலீமா விருந்தில ரெண்டு துண்டு இறைச்சி கூட வைங்க."

ஹாஜியார் மகளையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். அம்புக்குறி அசைவதாகத் தெரியவில்லை. ஆனாலும் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் கேட்டார். "சேர், உங்கட மருமகன் இவளத் தாங்குவானா?"

"கடலில் பழகினவன்" என்றேன்.

அவர் சிரித்ததை உடன்பாடாகக் குறித்துக்கொண்டேன்.

3.30, அறுகம்பே.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஜியார் விடுதியைக் காட்டக் கூட்டிப்போனார். ஓர் அறையில் ஒரு வல்லரசின் பிரஜை. அடுத்த அறையில் மற்றதின் பிரஜை. இருவரின் உடுப்பும் ஒரே கயிற்றில் காய்ந்தன.

"இவர்களுக்குள் சண்டை இல்லையா?"

"அலை நல்லா இரிக்கிற காலம் சேர். ஒருத்தருக்கும் நேரமில்ல."

5.10, கோமாரி.

திரும்பும் பஸ் பாலத்தைத் தாண்டும்போது தங்கை தொலைபேசி எடுத்தாள்.

"காக்கா, என்ன நடந்த? ஆர் விட்டுக்குடுத்த?"

"நானும் விட்டுக்குடுத்தன். ஹாஜியாரும் விட்டுக்குடுத்தார்."

"அப்ப ஆர் வெண்ட?"

"உன்ட மருமகள்."

நடந்ததைச் சொன்னேன். கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப்போனதையும், கப்பல் ஓடுவதையும் சொன்னேன். "அறிக்கையில கப்பல் வெளிய வந்ததெண்டு இல்லையே காக்கா, அவன் வருவானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் அவள் நாற்பது நாளாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தாள். ஷிபானா காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன்.

மறுமுனையில் சத்தமில்லை. வெளியே மாலை வெயிலில் வயலும் களப்பும் மாறி மாறி வந்தன. நேற்றென்றால், தங்கை பேசாமலிருப்பதைச் சம்மதமாக எடுத்து, தொலைபேசியை வைத்திருப்பேன். முப்பத்திரண்டு வருடம் எல்லாக் கூட்டங்களிலும் அப்படித்தான் குறிப்பு எழுதினேன்.

"தங்கச்சி, உனக்கு இது சரியா? வாய் திறந்து சொல்லு."

"இதென்ன புதுசாக் கேக்கிறீங்க?" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஓம், சரி. அந்தப் புள்ளைட நம்பர அனுப்புங்க. கப்பல் எங்க வருது எண்டு இனி நான் அவளட்டயே கேக்கிறன்."