பதில் கை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மிக்ஸியில் சட்னி ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது. அனுப்பியவள் ஜெசிந்தா. நான் அவளுக்கு ஞானத்தாய். நாற்பதைத் தாண்டியும் என்னை ஞானம்மா என்றுதான் கூப்பிடுவாள். படத்தில் ரோஜாப்பூ ஓரம் வைத்த ஓர் அறிவிப்பு: இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம். மகள் ஜெசிந்தாவின் மூத்த பெண். கீழே அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: "ஞானம்மா, பாப்பாவுக்கு மொத ஓலை போட்டுட்டாங்க."

எனக்குச் சந்தோஷம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். ஓலையை யாராவது போடுவார்களா? ஓலை வாசிப்பார்கள். முப்பது வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு வினைச்சொல் தப்பினால் சட்னி இறங்காது.

உங்களுக்கு ஓலை தெரியாதென்றால் சொல்லிவிடுகிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு பூசையில் அதை அறிவிப்பார்கள். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. பனையோலை என்றைக்கோ போய்க் காகிதம் வந்துவிட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வாசித்து முடிக்கும்போது, இந்தத் திருமணத்துக்குத் தடை எதையாவது அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடவர் என்று ஒரு வரி வரும். அந்த 'கடவர்' வந்ததும் கோயிலில் இருமல்கூட நின்றுவிடும். எல்லாரும் யாராவது எழுந்திருப்பார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தவரை ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் எழுந்தார்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரின் மிஷன் பள்ளிக்கூடத்தில். வீடு திண்டிவனத்தில். வார நாளெல்லாம் பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரே அறையில் நானும் ஸ்டெல்லாவும். அவள் ஒன்றாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. எங்கள் அறைக்கு ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில். ஒரு ஜன்னலில் சாம்பிராணி வாசம் வரும், இன்னொன்றில் மல்லாட்டைத் தொலி தூசாகப் பறந்து வரும். இன்றைக்கும் எங்காவது மல்லாட்டை வறுக்கிற வாசம் வந்தால் எனக்கு ஜெபம் சொல்லத் தோன்றுகிறது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அந்த மில்லில் மிஷின் ஓட்டியவர் அருளப்பன். அதிகம் பேசமாட்டார். அவர் பெண்சாதி செல்வராணி அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். அவளுடைய அண்ணன்தான் எங்கள் ஊர் உபதேசியார். உபதேசியார் என்றால் சாமியாருக்கு அடுத்த ஆள் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் சாமியாருக்கு முந்தின ஆள். சாமியார் பத்து கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஓடிக்கொண்டிருப்பார், இவர்தான் ஊரோடு இருப்பார். ஜெபமாலை சொல்வது, சாவு வீட்டில் முதலில் போய் நிற்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர். அதுவும் எப்படி? கேள்வி பதில். அவர் கேட்பார், பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து. ஸ்டெல்லா அதே ஊர்ப் பெண், எனக்குத் துணையாகத்தான் அறையில் தங்கினாள்; அவரிடம் படித்தவள். டீச்சரான பிறகும் அவரைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்வாள்.

செல்வராணிக்கு ஜெசிந்தா பிறந்ததும், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள். ஊரில் இத்தனை உறவு இருக்க என்னை ஏன் என்றேன். நான் திண்டிவனத்துக்காரி, நல்ல கவுன் எடுப்பேன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். சாமியாரிடம் போய் என் பெயரைக் கொடுத்தேன். சனிக்கிழமையே திண்டிவனத்துக்குப் போய், லேஸ் வைத்த வெள்ளைக் கவுனும் தொப்பியும் வாங்கி, மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். விழுப்புரம் பஸ் ஒன்று புறப்படுகிற மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. ஓடி ஏறினேன். உட்கார்ந்து, வியர்வை துடைத்து, டிக்கெட்டுக்குக் காசை நீட்டினால் கண்டக்டர் நிதானமாகச் சொல்கிறார்.

"இது நடுவுல எங்கியும் நிக்காதும்மா. விழுப்புரம்தான்."

கெஞ்சிப் பார்த்தேன், கவுனைக்கூட எடுத்துக் காட்டினேன். அவர் இரக்கமாகப் பார்த்தாரே தவிர விசில் ஊதவில்லை. எங்கள் ஊர் கைகாட்டி மரம் வந்தது, வயல்களுக்கு அப்பால் கோயில் கோபுரம் தெரிந்தது, பின்னால் போனது. விழுப்புரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, விக்கிரவாண்டியில் மாறி, நான் வந்து சேர்ந்தபோது பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. சாமியார் அடுத்த கிராமத்துப் பூசைக்குப் போக வேண்டும், ஜல்தி ஜல்தி என்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "டீச்சருக்குப் பதிலா நீ ஏந்திக்கோ" என்று சொல்லிப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டார். ஸ்டெல்லா என் இலையில் அப்பளத்தை வைத்துக்கொண்டே, என் வேலையைத் தான் பார்த்துவிட்டதாகவும் கவுனை மட்டும் கொடுத்தால் போதும் என்றும் சொல்லிச் சிரித்தாள். ஜெசிந்தா வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் அன்றைக்கு அவளைத் தொடக்கூட இல்லை.

அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் செல்வராணி காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு நாள் படுத்தாள், ஜிப்மருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அத்தனை பேச்சுப் பேசியவள்.

அருளப்பன் மில்லுக்குப் போகும்போது பிள்ளையை எங்கள் அறையில் விட்டுவிட்டுப் போவார். நான் கணக்கு நோட்டுத் திருத்துவேன், ஸ்டெல்லா கேப்பைக் கூழ் காய்ச்சி ஊட்டுவாள். ஒன்றாம் வகுப்பில் ஒரு மூலையில் சாக்கு விரித்துப் போட்டால் ஜெசிந்தா அங்கேயே தூங்கிவிடும். பேச ஆரம்பித்ததும் ஸ்டெல்லாவை ஞானம்மா என்றது. ஊரும் அப்படித்தான் சொன்னது. ஏந்தியது அவள்தானே. பதிலுக்கு நின்ற கதையெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கவுன் வாங்கிய எனக்கே மறந்துவிட்டது.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் அருளப்பன், அத்தனை நாள் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் ஒரே வாக்கியமாக ஸ்டெல்லாவின் அப்பாவிடம் சொல்லிவிட்டார். வீட்டில் சம்மதம். ஸ்டெல்லா அன்றைக்குக் கூழில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டாள், பிள்ளை இரண்டு கிண்ணம் குடித்தது.

முதல் ஓலை வாசித்தார்கள், ஒன்றுமில்லை. இரண்டாம் ஓலையில் 'கடவர்' என்ற சொல் முடிவதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். உபதேசியார்.

அவர் சொன்னது இதுதான். ஸ்டெல்லா அந்தப் பிள்ளையின் ஞானத்தாய். ஏந்தின கைக்கும் தகப்பனுக்கும் அண்ணன் தங்கை முறை. கல்யாணம் ஆகாது.

பழைய சாமியார் மாற்றலாகிப் போய், தெற்கத்திச் சீமையிலிருந்து ஓர் இளம் சாமியார் வந்திருந்தார். பூசை முடிந்ததும் எல்லாரையும் நிறுத்தி, திருச்சபைச் சட்டத்தில் அப்படியொரு தடை கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். உபதேசியார் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்.

"ரோமாபுரியில எப்பிடியோ சாமி. இந்த ஊர்ல ஞானத்தாய அப்பங்காரன் கட்டினது கெடையாது."

சாமியார் கல்யாணத்தை மந்திரித்து வைத்துவிடலாம், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் ஸ்டெல்லாதான். அவளே அதை நம்பினாள். உபதேசியார் வாயிலிருந்து வந்துவிட்டதே. அறைக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, செய்யாறு பக்கம் சித்தி ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே போய்விடுகிறேன் என்றாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு தகப்பனும் மகளும் என்ன ஆவார்கள் என்றேன், அவள் புடவைகளை மடித்து உள்ளே வைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போதுதான், கோபத்தில்தான், பஸ் ஞாபகம் வந்தது. அடி பைத்தியமே, ஞானத்தாய் நானல்லவா என்று கத்தினேன்.

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள். "பேரு உன்னுதாவே இருக்கட்டும்டி. தண்ணி வழிஞ்சிது என் கையிலதானே?"

இதற்கு என்ன சொல்வது? நான் போய் விளக்கினாலும், சாமியார் விளக்கினாலும் அவளுக்கு ஏறாது. ஒரே ஒருவர் சொன்னால் ஏறும். அவரோ தடை சொன்னவர்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பேஜாராக இருந்தது. நான்காம் வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு யோசனை வந்தது.

மூன்றாம் ஓலை. ஸ்டெல்லா வரமாட்டேன் என்றாள். பூசை தவறினால் பாவம் என்று அவளுடைய ஆயுதத்தாலேயே அவளை இழுத்துக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம், பாயில் என்னருகே உட்கார்ந்தாள், மடியில் ஜெசிந்தா. சாமியார் வாசித்தார். 'கடவர்' வந்தது. நான் எழுந்தேன். கோயிலில் பெண் பிள்ளை எழுந்து பேசி அந்த ஊர் பார்த்ததில்லை. சாமியாரைப் பார்க்காமல் உபதேசியாரைப் பார்த்து, அவர் பிள்ளைகளைக் கேட்கிற அதே ராகத்தில் கேட்டேன்.

"ஞானத்தாய் வர முடியாதபோது, அவருக்குப் பதிலாக ஏந்துகிறவர் யார்?"

சாமியார் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டார். உபதேசியார் உட்காரச் சொல்வார், அல்லது வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். கேள்வி என்று ஒன்று கேட்டுவிட்டால் தப்புப் பதில் அவர் வாயில் வராது. அத்தனை வருஷம் பிள்ளைகளை முதலிலிருந்து, முதலிலிருந்து என்று சொல்ல வைத்த மனுஷன். அவர் மெல்ல எழுந்து கையைக் கட்டிக்கொண்டார், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

"பதிலாக ஏந்துகிறவர் கை, பதில் கை மட்டுமே. அவருக்கு ஞான உறவு உண்டாவதில்லை."

அப்புறம் குரலை இறக்கி, ஊர்ப்பேச்சில் சொன்னார். "அன்னிக்கி நானும் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். டீச்சருக்குப் பதிலான்னுதான் பெரிய சாமியாரு சொன்னாரு. ஞானத்தாயி இவங்க." என் பக்கம் கையைக் காட்டினார்.

ஸ்டெல்லா பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான். சாமியார் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கிவிட்டார், வேறென்ன செய்வார் பாவம்.

வெளியே செருப்பு மாட்டும்போது உபதேசியார் என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எந்தங்கச்சிய அந்தப் புள்ள மறந்துடுமோன்னுதான் டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஸ்டெல்லாவிடம் போய் அதைச் சொன்னேன். கல்யாணத்தன்று அவர்தான் ஜெசிந்தாவைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஸ்டெல்லா தன் அப்பா அம்மா கல்லறைக்குப் போகுமுன் செல்வராணி கல்லறையைக் கழுவி, ஜெசிந்தா கையால் மெழுகுவர்த்தி ஏற்ற வைப்பாள்.

எனக்குத்தான் வேலை கூடியது. பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு ஒரு கவுன், கிறிஸ்துமஸுக்கு ஒரு கவுன், முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மைக்கு ஒன்று, கல்யாணத்துக்குப் புடவை. நிற்காத பஸ்ஸில் ஏறியதற்கு அரசாங்கம் போட்ட அபராதம் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லுவேன். ஜெசிந்தாவுக்கு மூன்று வயதில் திடீரென்று ஞானம்மாவை அம்மா என்றும், கணக்கு டீச்சரை ஞானம்மா என்றும் மாற்றச் சொன்னால் என்ன செய்யும்? கொஞ்ச நாள் இரண்டு பேரையும் "ஏ" என்றது.

மூன்றாம் ஓலை என்று ஜெசிந்தா சொன்னாளே என்று போன ஞாயிறு அந்த ஊருக்குப் போனேன். இப்போது காரில் அரைமணி நேரம்தான். கைகாட்டி மரம் இருந்த இடம் மேம்பாலத்துக்கு அடியில் போய்விட்டது. மல்லாட்டை மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம், வாசமே இல்லை. கோயிலில் பாய் இல்லை, பெஞ்சு. உபதேசியார் போய்ப் பல வருஷம் ஆகிறது, அவர் இடத்தில் யாரையும் வைக்கவில்லை. கேள்வி பதிலும் அவரோடு போயிற்று. பூசை முடிவில் சுவரில் வெள்ளைத் திரை ஒளிர்ந்தது. பிறந்தநாள் வாழ்த்துகள், குடிநீர்த் தொட்டிக்கு நன்கொடை தந்தவர்கள், அப்புறம் பாப்பாவின் ஓலை, ரோஜாப்பூவோடு. நான் 'கடவர்' வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. படம் மாறி அடுத்த வாரத் துப்புரவுக் குழுவின் பெயர்கள் வந்தன.

பூசைக்கப்புறம் ஜெசிந்தா என் கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "இவங்கதான் என் ஞானத்தாய். என்னைத் தூக்கி ஏந்தினவங்க" என்றாள். அந்த அம்மாள் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோயிலுக்குப் பின்னால் செல்வராணிக்குப் பக்கத்துக் குழியில், மழைக்கு முன் வைத்த ஸ்டெல்லாவின் சிலுவைக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. ஏந்தின கை அங்கே இருக்கிறது. அந்த அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தது பதில் கை.