மூன்று வரி போட்ட குண்டு

ஒல்லாந்தர் கோட்டைக்கு வெளியே, ஏரியைப் பார்த்தாற்போல் என் கடைசல் பட்டறை இருந்தது. மனைவி கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்றுவாள். நான் உளியை வைப்பேன். கட்டில் கால், தொட்டில் கால், பம்பரம் எல்லாம் கடைவோம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எழுத்தும் கூட்டலும் வந்தன, பேச்சு வரவில்லை. பட்டறைக்கு ஆள் வந்தால் உளியைத் தீட்டுவதுபோல் குனிந்துகொள்வேன். விலையை அவள்தான் சொல்வாள்.

ஒருநாள் கோட்டைக் கப்பித்தானின் துபாஷி வந்தார். அவர் எங்கள் ஊர்க்காரர்தான். கப்பித்தானின் பேச்சைத் தமிழில் சொல்வது அவர் வேலை. சுடும் பந்தயத்தில் கப்பித்தான் தோற்றுக்கொண்டே இருக்கிறாராம். கை சரியாம், கண் சரியாம், அச்சில் வார்த்த குண்டுதான் கோணலாம். அதனால் ஈயக் குண்டை நாங்கள் உருண்டையாகக் கடைந்து தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தோற்றால் என் பட்டறை மரமெல்லாம் கோட்டை அடுப்புக்குப் போகும். அதைச் சொல்லிவிட்டு வெற்றிலை கேட்டார்.

ஈயம் மரம் மாதிரி இல்லை. உளியில் அப்பிக்கொண்டது, பிடியிலிருந்து நழுவி ஓடியது. ஒரு குண்டுக்கு ஒரு கட்டில் கால் கடைகிற நேரம் ஆனது. கோட்டையில் கொடுத்த இரும்பு வளையத்தில் விட்டுப் பார்ப்பேன். முடி அளவு பெருத்தால் நுழையாது. முடி அளவு கூடுதலாகச் சீவினால் லொடலொடவென்று விழும். கெட்டதை உருக்கி மறுபடி கடைவோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கைப்பிடி தேறியது.

வாங்கிப்போன துபாஷி உடனே திரும்பி வந்து, ஒரு குண்டை என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இன்னாபா இது? குண்டு நடுவுல மூணு வரி போட்டுக்கீற?"

அப்போதுதான் பார்த்தேன். எதைக் கடைந்தாலும் முடிக்கும்போது என் உளி தானாக மூன்று வரி இழுத்துவிடும். கட்டில் காலுக்கு அதுதான் அழகு. நான் உளியைத் தீட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். மனைவி பதில் சொன்னாள்.

"வரி இல்லாம கடைஞ்சா அது கடைசலா, சாமி? நாலு பேர் பாக்க வேணாமா?"

"நெஞ்சுல வாங்குறவன் வரியா எண்ணிக்கினு இருப்பான்?"

மாற்ற நேரமில்லை. மறுநாள் ஏரித் தண்ணீரில் கழி நட்டுப் பானை கவிழ்த்தார்கள். தோணிரேவுக் குப்பத்துச் சனமெல்லாம் வேடிக்கைக்கு வந்திருந்தது. கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்களை ஒதுங்கச் சொன்னார்கள். முதல் சூட்டிலேயே பானை சிதறியது. கப்பித்தானுக்கே நம்பிக்கை வரவில்லை. வேறு யாராவது சுட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். துபாஷி குண்டின் வரியைக் காட்டி ஏதோ சொன்னார். பாஷை எனக்குப் புரியாது. ஆனால் சொல்லும்போது அவர் தட்டியது தன் நெஞ்சை.

கப்பித்தான் விலை கேட்டார். ஒரு குண்டுக்கு ஒரு கட்டில் கால் விலை என்றாள் மனைவி. துபாஷி அதைச் சொல்லி முடிப்பதற்குள், அடுத்த சூட்டுக்குத் தூக்கிய துப்பாக்கி மெல்ல இறங்கியது. பிறகு கப்பித்தான் பானை இருந்த கழிக்குப் பின்னால் தண்ணீரைக் காட்டினார். இறால் பெண்கள் சுட்ட குண்டைத் தேடிச் சேற்றைத் தடவினார்கள். வெகு நேரம் கழித்து ஒருத்தி அடை மாதிரி நசுங்கிய ஈயத்தை எடுத்தாள். துபாஷி அதை என் கையில் வைத்தார்.

"உன் பட்டறைய யாரும் தொட மாட்டாங்க. இத்த மறுபடி உருட்டிக் குடுக்கணுமாம். ஈயம் அவுங்களுது, அதால கூலி கெடையாதாம்."

"அப்போ கயிறு இழுக்க அவர வரச் சொல்லு," என்றாள் மனைவி.

அதை மட்டும் துபாஷி மொழிபெயர்க்கவில்லை.