நலமானவர்கள் பக்கம் இருந்த ரத்தம்

செவ்வாய்க்கிழமை காலை ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது, நசீமா மேடத்தின் கணவர் அன்வர் பாயிடமிருந்து அழைப்பு வந்தது. "அவ போயிட்டாம்மா" என்றார். எதிர்பார்த்திருந்த செய்திதான். அங்கேயே தேன்கனிக்கோட்டை பேருந்துக்கு மாறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணையப் புற்றுநோயை ரத்தத்தைக் கொண்டே முன்கூட்டி அறிய முடியுமா என்று தேடும் எங்கள் சிறிய ஆய்வகத்தின் தலைவர் அவர். ரத்தத்திலுள்ள புரதங்களைத் துண்டாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவியில் எடைபோட்டு, நோயாளிகளின் அளவுகளை நலமானவர்களின் அளவுகளோடு ஒப்பிடுவோம். நம் தோல் துகள் விழுந்தால் அதையும் அந்தக் கருவி எடைபோட்டுவிடும். நான் சேர்ந்த புதிதில், தலையைச் சொறிந்த என்னிடம், "நான் நோயைத் தேடறேன் மஞ்சுளா, உன் பொடுகை இல்ல" என்றார். கோபக்காரர்தான்.

நலமானவர்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. "நோயாளிங்க கையை நீட்டிடுவாங்க. நல்லா இருக்கறவங்கதான் ஊசியப் பாத்தா ஓடுவாங்க" என்பார். அதனால் நாங்களே ரத்தம் கொடுப்பது எங்கள் வழக்கம். குழாயில் எண் மட்டும் இருக்கும். அது யாருடையது என்பது ரத்தம் எடுக்கும் செவிலியருக்கு மட்டுமே தெரியும்.

சென்ற ஆண்டு, நலமானவர்கள் பக்கத்துக் குழாய் ஒன்றின் அளவுகள் நோயாளிகளோடு போய் நின்றன. குழாய் மாறியிருக்கும் என்றோம். மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அதே முடிவுதான். இது இன்னும் நிரூபணமாகாத சோதனை, முடிவைத் தனி ஆளிடம் சொல்லக்கூடாது என்றது நெறிமுறைக் குழு. மேடம் விடவில்லை. "விதி நம்மளக் காப்பாத்துது. அந்த ஆளை யாரு காப்பாத்துவாங்க?" என்று சண்டை போட்டு, வாரக்கணக்கில் அலைந்து அனுமதி வாங்கினார்.

செவிலியரிடம் கேட்டுத் திரும்பியவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"யாருங்க மேடம்?"

"நான்தான்."

ஸ்கேன் எடுத்தபோது நோய் கல்லீரல்வரை பரவியிருந்தது. கருவி நோயைக் கண்டுபிடித்துவிட்டது என்று ஆய்வுக் கட்டுரையில் எங்களில் ஒருவர் எழுத முனைந்தார். அந்த நிலையிலும் மேடத்துக்குக் கோபம் வந்தது. "ஒரு ஆளை வெச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது. அது நானா இருந்தாலும்." அப்போது அவர் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. எனக்கு அவர்மீதே ஆத்திரமாக வந்தது.

தேன்கனிக்கோட்டை வீட்டில் ஜனாஸாப் பெட்டியைத் தூக்கும் முன், அன்வர் பாய் வாசலில் நின்ற என்னிடம் வந்தார். குருபரப்பள்ளியில் டயர் கடை வைத்திருக்கும் மனிதர், அதிகம் பேசாதவர்.

"அந்தக் குழு அலைய விடாம, மொதல்லயே பேரைச் சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளாம்மா?"

ஆம் என்றால் ஆயுளுக்கும் வெந்துகொண்டிருப்பார். இல்லை என்றால் இரவில் கொஞ்சமாவது தூங்குவார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் உண்மையில் எனக்குத் தெரியாது. எந்தக் கருவிக்கும் தெரியாது.

"தெரியலைங்க பாய்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, போய்த் தோள் கொடுத்தார்.

சென்று வாருங்கள், மேடம். பொய் சொல்லாமல்தான் உங்களை அனுப்பிவைத்திருக்கிறேன்.